வறுத்த சுவர்க்கோழியை விடுங்க, அந்த இறால் கதையை முதல்ல பேசுவோம்

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு வயசு 29. சாப்பாட்டு விஷயத்துல நான் கொஞ்சம் துணிச்சலான ஆளுதான், நாத்தமடிக்கிற சீஸ், டூரியன் பழம், மிளகாய் போட்ட சாக்லேட்னு எதையும் விட்டதில்ல. என் ஃப்ரெண்ட் ஒருத்தன் அடுத்த மாசம் அவன் வீட்ல ஒரு டேஸ்டிங் பார்ட்டி வைக்கிறான். நாடு நாடா சுத்தினப்ப வாங்கிட்டு வந்த பூச்சி ஐட்டமெல்லாம் அன்னிக்கு டேபிளுக்கு வருதாம். வறுத்த சுவர்க்கோழி, அதையே அரைச்ச மாவுல பிஸ்கட், எறும்பு தூவின ஐஸ்கிரீம், தண்ணிப்பூச்சி வாசனை போட்ட மிளகாய் சாஸ், புழு கிடக்கிற மெஸ்கால் (மெக்சிகோ நாட்டு சரக்கு) பாட்டில் ஒண்ணு. இதுல ஒரு கேம் வேற, எதுல பூச்சி இருக்கு எதுல இல்லைன்னு சொல்லாமலே பரிமாறுவானாம், நாங்க கண்டுபிடிக்கணுமாம். எனக்கு நெனச்சாலே ஒங்கரிக்குது. போகலைன்னா வருஷம் பூரா வச்சு ஓட்டுவாங்க. இந்த அருவருப்பை ஒரு மாசத்துல எப்படி போக்கறது? உண்மையிலேயே டேஸ்ட் எப்படி இருக்கும்? உடம்புக்கு ரொம்ப நல்லதுங்கறாங்களே, நெஜமா? (இறால் மட்டும் நான் சாப்பிடறதில்ல. காலேஜ் டைம்ல சாப்பிட்டப்ப வாயெல்லாம் அரிச்சு உதடு லேசா வீங்கிச்சு, அதுலேர்ந்து தொடறதில்ல. மத்தபடி ஹெல்த் எல்லாம் ஓகே.) பேர் போட வேண்டாம்.

பதில்: உங்க லெட்டர்ல முக்கால்வாசி அருவருப்பு பத்திதான் இருக்கு. அதுக்கும் பதில் சொல்றேன், டேஸ்ட் பத்தியும் சொல்றேன், ஆனா கடைசில அடைப்புக்குறிக்குள்ள போட்டு ஓரமா ஒதுக்கி வச்சீங்களே அந்த இறால் விஷயம், மொத்த லெட்டர்லயும் என் கண்ணு போய் நின்னது அங்கதான். நேராவே சொல்லிடறேன். அலர்ஜி டாக்டரை பாத்து டெஸ்ட் எடுத்து அவர் சரின்னு சொல்ற வரைக்கும் அந்த டேபிள்ல இருக்கற பூச்சி ஐட்டம் எதையும் நீங்க வாயில வைக்காதீங்க, ஒரு பூச்சிக்கால் கூட வேண்டாம், ஒரு சொட்டு சாஸ் கூட வேண்டாம்.

ஏன்னா இறால், நண்டு, சுவர்க்கோழி, வெட்டுக்கிளி எல்லாம் பாக்கறதுக்கு ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத மாதிரி இருந்தாலும் எல்லாமே கணுக்காலிங்கற ஒரே பெரிய குடும்பம்தான், அதுக்குள்ளயும் பூச்சியும் இறால் வகையும் ரொம்ப நெருங்கின சொந்தம். இதுங்க தசைல ட்ரோபோமயோசின்னு ஒரு புரோட்டீன் இருக்கு. இறால் அலர்ஜி இருக்கற நெறைய பேரோட உடம்பு எதிர்க்கறது இந்த புரோட்டீனைத்தான். பூச்சில இருக்கறதும் இறால்ல இருக்கறதும் அமைப்புல ரொம்பவே ஒத்துப்போறதால, இறாலைப் பாத்து கோபப்படக் கத்துக்கிட்ட உடம்பு சுவர்க்கோழியைப் பாத்தும் கோபப்பட வாய்ப்பு ரொம்ப அதிகம். கோழி, ஆடு, மீன்லயும் ட்ரோபோமயோசின் உண்டு, ஆனா அந்த வடிவம் வேற, பொதுவா அலர்ஜி பண்ணாது, அதனாலதான் இறால் ஆகாத ஆள் சிக்கனை நிம்மதியா சாப்பிட முடியுது. ஆர்ஜினைன் கைனேஸ்னு இன்னொரு புரோட்டீனும் இந்த லிஸ்ட்ல இருக்கு, பேர் உங்களுக்கு ஞாபகம் இருக்கணும்னு அவசியம் இல்ல.

"நல்லா மொறுமொறுன்னு வறுத்துட்டா எல்லாம் செத்துடும் மேடம்"னு என்கிட்ட நெறைய பேர் சொல்வாங்க. கிருமி சாகும், ஒத்துக்கறேன். ட்ரோபோமயோசின் சூட்டுக்கு அசையாத ஜாதி, வேக வச்சாலும் வறுத்தாலும் மாவா அரைச்சு பிஸ்கட்டா சுட்டாலும் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். இதே புரோட்டீன் மெத்தை தலகாணில வாழற டஸ்ட் மைட்லயும் கரப்பான்லயும் இருக்கு. காலைல எழுந்த உடனே வரிசையா தும்மல், மூக்கு ஒழுகறது, தூசு தட்டினா மூச்சு இழுக்கறது மாதிரி ஏதாவது உங்களுக்கு உண்டான்னு நீங்க எழுதல, இருந்தா அதையும் டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க.

நெதர்லாந்துல ஒரு ஆய்வு பண்ணாங்க. இறால் அலர்ஜி உறுதியான 15 பேருக்கு ஆஸ்பத்திரில வச்சு, கண்காணிப்புல, எது நிஜம் எது போலின்னு அவங்களுக்கும் தெரியாம டாக்டருக்கும் தெரியாம மீல்வோர்ம்ங்கற ஒரு வண்டோட புழு கலந்த உணவை கொடுத்து பாத்தாங்க. 13 பேருக்கு ரியாக்‌ஷன் வந்துச்சு. சின்ன ஆய்வுதான், ஆனா 15-க்கு 13-ங்கறது சிரிச்சுட்டு தாண்டிப் போற கணக்கா? ஐரோப்பிய யூனியன்ல 2021-ல மீல்வோர்முக்கும் வெட்டுக்கிளிக்கும் 2022-ல சுவர்க்கோழிக்கும் உணவுன்னு அனுமதி கொடுத்தப்பவே, இறால் நண்டு வகை, டஸ்ட் மைட், சிலதுல சிப்பி வகை இதுக்கெல்லாம் அலர்ஜி இருக்கறவங்களுக்கு இது ஒத்துக்காம போகலாம்னு பாக்கெட்ல எழுதியே ஆகணும்னு கண்டிஷன் போட்டுத்தான் கொடுத்தாங்க. உங்க ஃப்ரெண்ட் வாங்கி வச்சிருக்கற பாக்கெட்டை திருப்பிப் பாத்தா சிலதுல அந்த வரி இருக்கலாம்.

இப்ப நீங்க கேப்பீங்க, எனக்கு அன்னிக்கு வாய்தானே அரிச்சுது, பெருசா ஒண்ணும் ஆகலையேன்னு. போன தடவை லேசா வந்ததால அடுத்த தடவையும் லேசாத்தான் வரும்னு உணவு அலர்ஜில எந்த கேரண்டியும் கிடையாது. எவ்வளவு சாப்பிட்டீங்க, அன்னிக்கு உடம்பு எப்படி இருந்துச்சு, கூட என்ன போச்சுங்கறதை எல்லாம் பொறுத்து மாறும். ரியாக்‌ஷனை தூக்கி விடற விஷயங்கள்னு சிலது உண்டு, வலி மாத்திரை போட்டிருக்கறது, சாப்பிட்ட கையோட ஓடியாடறது, அப்பறம் மது. உங்க பார்ட்டி மெனுவைப் பாருங்க, பூச்சியும் இருக்கு மெஸ்காலும் இருக்கு, சாப்பிட்டு முடிச்சதும் டான்ஸ் ஆடுவீங்களோ என்னவோ. அலர்ஜி டாக்டர் ஒருத்தர் உக்காந்து மோசமான காம்பினேஷன் யோசிச்சாலும் இவ்வளவு நேர்த்தியா வராது.

எல்லாத்தையும் விட எனக்கு கோபம் வந்தது அந்த கேம் மேலதான். எதுல என்ன இருக்குன்னு சொல்லாம சாப்பாடு போடறது, அதுவும் பத்து பேர் கூடற இடத்துல, அதுவும் அலர்ஜி பண்ணக்கூடிய ஐட்டத்தை வச்சு. உங்களை மாதிரியே இன்னொருத்தர் அந்தக் கூட்டத்துல இருக்கலாம், அவருக்கே தெரியாமக்கூட இருக்கலாம். உங்க ஃப்ரெண்ட் கெட்டவர்னு சொல்லல, அவருக்கு இந்த விஷயம் தெரிஞ்சிருக்காது, அவ்வளவுதான். தெரிஞ்சா மாத்திடுவார். வெக்கப்படாம ஒரு மெசேஜ் போடுங்க, வார்த்தை தேட வேண்டாம், இப்படியே போடுங்க: "டேய், எனக்கு இறால் அலர்ஜி இருக்கு, அது இருக்கறவங்களுக்கு பூச்சியும் ஆகாதாம், சீரியஸா சொல்றேன். கேமை விட்டுடு, ஒவ்வொரு தட்டு மேலயும் என்ன இருக்குன்னு எழுதி வை. நான் கண்டிப்பா வரேன், எனக்கு தனியா ஏதாவது போடு." இதுக்கு மேலயும் ஒருத்தர் கிண்டல் பண்ணா பண்ணட்டும்.

தட்டுல பேர் எழுதினா மட்டும் போதாது, அதையும் சொல்லிடறேன். சுவர்க்கோழி வறுத்த எண்ணெய்லயே உருளைக்கிழங்கை வறுத்தா அதுவும் உங்களுக்கு ஆகாது. அதே கரண்டி, அதே இடுக்கி, மாவு பறந்து படிஞ்ச அதே மேடை எல்லாம் கணக்குல வரும். பிஸ்கட்தான் இருக்கறதுலயே ஆபத்தான ஐட்டம், ஏன்னா பாத்தா சாதா சாக்லேட் பிஸ்கட் மாதிரியே இருக்கும், யாராவது தட்டை மாத்தி வச்சுட்டா யாருக்கும் தெரியாது. உங்களுக்கான சாப்பாட்டை முதல்ல எடுத்து வச்சுட்டு அப்பறம் பூச்சி பாக்கெட்டை பிரிக்கச் சொல்லுங்க, இல்லைன்னா வீட்லேர்ந்தே ஒரு டப்பால எடுத்துட்டு போயிடுங்க.

டெஸ்ட்டுன்னா பெரிய பயமெல்லாம் இல்ல. தோல்ல லேசா குத்திப் பாக்கறது ஒண்ணு, ரத்தத்துல ஐஜிஈங்கற அலர்ஜி ஆன்டிபாடியை பாக்கறது ஒண்ணு, தேவைப்பட்டா ஆஸ்பத்திரிலயே உக்கார வச்சு கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடக் கொடுத்து பாக்கறது இன்னொண்ணு. இந்த மூணாவதை வீட்ல நீங்களே பண்ணிப் பாக்கற ஐடியா வந்தா உடனே கைவிடுங்க, "ஒரே ஒரு சுவர்க்கோழி மட்டும் கடிச்சு பாக்கறேன்"னு ஆரம்பிச்சு ராத்திரி எமர்ஜென்சிக்கு போறது ரொம்ப சுலபம். இறாலுக்கு டெஸ்ட் பண்ற மருந்து பெரும்பாலான அலர்ஜி கிளினிக்ல இருக்கும், சுவர்க்கோழிக்கு இருக்காம போகலாம், அதனால அந்த பாக்கெட்டையே டாக்டர்கிட்ட கொண்டு போய் காட்டுங்க, என்ன பண்ணலாம்னு அவர் சொல்வார்.

இவ்வளவு சொல்லியும் பார்ட்டில தவறிப்போய் ஏதாவது உள்ள போயிடுச்சுன்னு வச்சுக்கோங்க. வாய் அரிப்போட சேந்து உடம்புல தடிப்பு, குரல் கம்மறது, தொண்டை இறுகறது, மூச்சு இழுப்பு, தலைசுத்தல், தொடர்ந்து வாந்தி இதுல ஏதாவது வந்தா அலர்ஜி மாத்திரையைப் போட்டுட்டு படுத்து பாக்கலாம்னு இருக்காதீங்க. அந்த மாத்திரை அரிப்பை குறைக்கும், மூச்சுக்குழாயைக் காப்பாத்தாது. அதுக்கு எபிநெஃப்ரின் ஊசிதான், தொடைல போடறது, டாக்டர் உங்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தா உடனே போட்டுட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க, எழுந்து நடக்காம படுத்தே இருங்க, மூச்சு விட கஷ்டமா இருந்தா மட்டும் சாஞ்சு உக்காருங்க.

சரி, இப்ப அருவருப்புக்கு வரேன். டெஸ்ட்ல எல்லாம் கிளியர், சாப்பிடலாம்னு டாக்டர் சொல்லிட்டார்னு வச்சுக்கிட்டு பேசறேன்.

அமெரிக்க உளவியல் ஆய்வாளர் பால் ரோசினும் அவர் கூட இருந்தவங்களும் 1986-ல ஒரு ஆய்வை வெளியிட்டாங்க, எனக்கு ரொம்ப பிடிச்ச ஆய்வு அது. ஒரு கிளாஸ் ஜூஸ்ல, நல்லா கிருமி நீக்கம் பண்ண செத்த கரப்பானை ஒரு முக்கு முக்கி எடுத்துட்டு, இப்ப குடிங்கன்னு கேட்டாங்க. முன்னாடி அந்த ஜூஸை ஆசையா குடிச்சவங்களே வேண்டாம்னு ஒதுங்கிட்டாங்க. கிருமி இல்லைன்னு தெரியும், தெரிஞ்சும் தொண்டைல இறங்கல. அப்ப அருவருப்புங்கறது "இது ஆபத்தா"ன்னு கணக்கு போட்டு வர்ற விஷயம் இல்ல, பட்டதும் ஒட்டிக்கிற விஷயம். அதனாலதான் "பூச்சில புரோட்டீன் இருக்கு, உலகத்துல பல கோடி பேர் சாப்பிடறாங்க"ன்னு யாராவது உங்ககிட்ட லெக்சர் அடிச்சா அது மண்டைல ஏறும், வயித்துல ஏறாது.

இன்னொண்ணு. பியூட்டிரிக் ஆசிட், ஐசோவாலெரிக் ஆசிட்னு ரெண்டு கலந்த ஒரே வாசனையை முகரக் கொடுத்து, ஒரு தடவை பார்மெசான் சீஸ்னும் இன்னொரு தடவை வாந்தின்னும் சொல்லிப் பாத்திருக்காங்க. சீஸ்னு சொன்னப்ப நல்லாருக்குன்னவங்க வாந்தின்னதும் மூக்கைப் பொத்திக்கிட்டாங்க. நாத்தமடிக்கிற சீஸை ரசிச்சு சாப்பிடற நீங்க இந்த வேலையை ஏற்கனவே ஒரு தடவை பண்ணி முடிச்சிருக்கீங்க, அதைத்தான் சொல்ல வரேன், மூக்கு சொன்னதை மீறி மனசு ஒரு பேர் வச்சு ஏத்துக்கிட்டது.

நெட்ல வர்ற வீடியோல எல்லாம் "நீங்க ஏற்கனவே பூச்சி சாப்பிட்டுட்டுதான் இருக்கீங்க தெரியுமா"ன்னு ஒரு பீடிகை போடுவாங்க. பொய்யெல்லாம் இல்ல. சிவப்பு மிட்டாய், தயிர், டிரிங்க்ல வர்ற ஈ120 கலர் கொச்சினீல்ங்கற கள்ளிப்பூச்சியை காயவச்சு எடுக்கறது. கம்பாரிங்கற இத்தாலி சரக்குல 2006 வரைக்கும் அதுதான் கலர் கொடுத்துச்சு, ஸ்டார்பக்ஸ் 2012-ல எதிர்ப்பு கிளம்பினதும் அவங்க ஸ்ட்ராபெரி டிரிங்க்லேர்ந்து அதை எடுத்துட்டு தக்காளிலேர்ந்து வர்ற லைகோபீனுக்கு மாறினாங்க. மிட்டாய் மேல பளபளன்னு இருக்கற ஈ904 அரக்குப்பூச்சி விட்ட பிசின். அமெரிக்காவோட உணவு மருந்து அமைப்பான எஃப்டிஏ கணக்குல பீர்ல போடற ஹாப்ஸ் 10 கிராமுக்கு சராசரியா 2,500 அசுவினிப் பூச்சியை தாண்டினாத்தான் பிரச்சனை. ஆனா இதை தெரிஞ்சுக்கிட்டதால யாருக்கும் வறுத்த சுவர்க்கோழி மேல ஆசை வந்து நான் பாத்ததில்ல, பீர் மேல சந்தேகம் வந்து பாத்திருக்கேன். (உங்களுக்கு இதுல ஒரு விஷயம் மட்டும் முக்கியம், ஈ120-க்கே அலர்ஜி ஆகறவங்க உண்டு, சிவப்பு கலர் டிரிங்க் குடிச்சு எப்பவாவது தடிப்பு வந்திருந்தா டாக்டர்கிட்ட சொல்லுங்க.)

நடைமுறைல வேலை செய்யறது என்னன்னா, உருவம் தெரியாத வடிவத்துலேர்ந்து ஆரம்பிக்கறதுதான். கண்ணு, கால், மீசை தெரிஞ்சா முடிஞ்சுது. மாவா, உங்களுக்கு ஏற்கனவே பிடிச்ச ஒரு பண்டத்துக்குள்ள, ஒரு கடி. அன்னிக்கு அதோட நிறுத்திக்கணும். நாலஞ்சு நாள் கழிச்சு திரும்ப. புது ருசி எதையும் பல தடவை பாத்துப் பழகினாத்தான் மனசு இறங்கி வரும், குழந்தைங்களுக்கு காய்கறி பழக்கறதும் இதே வழிலதான். கூட ஒருத்தர், நீங்க நம்பற ஆள், முகம் சுளிக்காம சாப்பிட்டா பாதி வேலை முடிஞ்சுது, அதே சமயம் சுத்தி நின்னு கேமராவை வச்சுக்கிட்டு "சாப்புடு சாப்புடு"ன்னு கத்தினா அன்னியோட அந்த ஐட்டத்தை ஜென்மத்துக்கும் வெறுத்துடுவீங்க, அவசரமா முழுங்கி வாந்தி எடுத்தா உடம்பு அதை வருஷக்கணக்கா ஞாபகம் வச்சுக்கும். ஒரு மாசத்துல போகுமான்னா, மாவு வரைக்கும் போகலாம், முழு பூச்சி வரைக்கும் போகணும்னு என்ன கட்டாயம்?

டேஸ்ட்டைப் பத்தி கேட்டீங்க. எல்லா பூச்சியும் ஒரே ருசின்னு நெனக்கறதுதான் மக்கள் பண்ற தப்பு. வறுத்த சுவர்க்கோழி வேர்க்கடலை, பாப்கார்ன் பக்கம் வரும், கொஞ்சம் கருவாட்டு வாடையும் அடில இருக்கும், பெரும்பாலும் மேல தூவற மசாலாதான் நாக்குல நிக்கும். அதுல இருக்கற கொழுப்பு காத்து பட்டா சீக்கிரம் காறிப்போகும், பழைய எண்ணெய் வாடை வந்துடும், பூச்சி சாப்பிட்டு பிடிக்கலைங்கறவங்கள்ல நெறைய பேர் சாப்பிட்டது பழசாப்போன பாக்கெட்டா இருக்கும்னு எனக்கு எப்பவுமே ஒரு சந்தேகம். மாவா அரைச்சா மண்ணு வாசனையும் கடலை வாசனையும் கலந்த மாதிரி இருக்கும், சாக்லேட்டோட சேத்தா சுத்தமா மறைஞ்சுடும், அதனாலதான் மார்க்கெட்ல வர்ற பார் எல்லாம் சாக்லேட்ல வருது.

எறும்புதான் இந்தக் கூட்டத்துலயே ராஜா. கடிச்சா எரியுதே அந்த ஃபார்மிக் ஆசிட்தான் நாக்குல எலுமிச்சை மாதிரி புளிப்பா வெடிக்கிறது, அதுவும் எறும்புக்கு எறும்பு வேற வேற. பிரேசில்ல அலெக்ஸ் அடாலாங்கற செஃப் அமேசான் எறும்பை அன்னாசித் துண்டு மேல ஒண்ணே ஒண்ணு வச்சு பரிமாறி பேர் வாங்கினார், எலுமிச்சம்புல்லும் இஞ்சியும் கலந்த மணம் வரும் அதுல. கோபன்ஹேகன் நோமா ரெஸ்டாரன்ட் 2012-ல லண்டன்ல கொஞ்ச நாள் கடை விரிச்சப்ப உயிரோட இருக்கற எறும்பையே முட்டைக்கோஸ் மேல விட்டாங்க. இங்கிலாந்துல எறும்பை ஊற வச்சு ஜின்னே பண்ணியிருக்காங்க, பாட்டிலுக்கு சுமார் 62 எறும்பு கணக்கு. ஒடிசா மயூர்பஞ்ச்ல இலையை தச்சு கூடு கட்டற முசுறு எறும்பை மிளகாய், உப்பு எல்லாம் சேத்து அரைக்கற காய் சட்னிக்கு 2024-ல புவிசார் குறியீடே கிடைச்சுது. ஐஸ்கிரீம் மேல எறும்புங்கற உங்க ஃப்ரெண்டோட ஐடியா ருசிக் கணக்குல நல்ல ஐடியாதான், கொழுப்பும் இனிப்பும் இருக்கற இடத்துல அந்த புளிப்பு சரியா போய் உக்காரும்.

தண்ணிப்பூச்சி சாஸ் இன்னும் வேடிக்கையானது. உள்ளங்கை நீளத்துக்கு பாக்கவே பயங்கரமா இருக்கற பூச்சி, ஆனா ஆண் பூச்சியோட வாசனைச் சுரப்பிலேர்ந்து வர்றது பழுத்த பேரிக்காய், வாழைப்பழம், பூ எல்லாம் கலந்த மாதிரி ஒரு மணம். தாய்லாந்துல மிளகாய் விழுதுல ரெண்டு சொட்டு விட்டா போதும்பாங்க, அந்த வாசனையை செயற்கையா பண்ணி சின்ன பாட்டில்லயும் விக்கறாங்க. செயற்கை பாட்டிலா இருந்தா அதுல பூச்சியே இருக்காது, அப்ப எனக்கு ஓகேவான்னு கேப்பீங்க. லேபிள்ல தெளிவா எழுதியிருந்தா டாக்டர்கிட்ட காட்டிட்டு பாருங்க, பார்ட்டி அன்னிக்கு அரை வெளிச்சத்துல படிச்சு முடிவு பண்ண வேண்டாம்.

மெஸ்கால் பாட்டில்ல கிடக்கறது மண்புழு மாதிரி நெஜப் புழு கிடையாது, கத்தாழை மாதிரி இருக்கற அகாவே செடியை துளைச்சு வாழற அந்துப்பூச்சியோட லார்வா. தெக்கீலாவுல புழு இருக்கும்னு நெனச்சுக்கறாங்க, அது தப்பு, மெஸ்கால்லதான், அதுவும் சில பாட்டில்ல மட்டும். அதை முழுங்கினா மாயக்காட்சி தெரியும்ங்கறதெல்லாம் கட்டுக்கதை, ஏதாவது தெரிஞ்சா அது உள்ள போன ஆல்கஹால் வேலை. இதே லார்வாவை காயவச்சு மிளகாய் உப்போட அரைச்சு கிளாஸ் ஓரத்துல தடவற உப்பும் உண்டு, நல்ல புகை வாசனையும் கறி வாசனையுமா இருக்கும். "புழுவை எடுத்துட்டு சரக்கை மட்டும் குடிக்கறேன் மேடம்"னு உங்ககிட்டேர்ந்து அடுத்த கேள்வி வரும், எனக்கு தெரியும். வேண்டாம், மாசக்கணக்குல ஊறின சரக்கு அது. புழு போடாத பாட்டில்தான் அதிகம் விக்குது, அதுல ஒண்ணு வாங்கிக்கோங்க, புது கிளாஸ்ல, ஓரத்துல உப்பு இல்லாம.

ஹெல்த் பத்தி சுருக்கமா முடிச்சுக்கறேன், ஏன்னா இதுக்காக யாரும் பூச்சி சாப்பிட ஆரம்பிக்க வேண்டியதில்லைன்னு நான் நெனக்கறேன். புரோட்டீன் நெஜமாவே நெறைய இருக்கு, இரும்பு, துத்தநாகம், நார்ச்சத்தும் உண்டு. ஆனா பாக்கெட்ல போடற புரோட்டீன் நம்பர் கொஞ்சம் ஊதினது. உணவுல இருக்கற நைட்ரஜனை அளந்து 6.25-ஆல பெருக்கித்தான் புரோட்டீன்னு போடுவாங்க, பூச்சியோட ஓட்டுல இருக்கற கைட்டின்லயும் நைட்ரஜன் இருக்கறதால அதுவும் புரோட்டீன் கணக்குல ஏறிடும். மீல்வோர்மை வச்சு ஆராய்ச்சி பண்ணவங்க 4.76-தான் சரியான நம்பர்னு சொல்றாங்க. அப்ப பாக்கெட்ல 60 கிராம்னு போட்டிருந்தா கைல வர்றது 46 பக்கத்துல. யூரிக் ஆசிட் ஜாஸ்தி இருக்கறவங்களுக்கு பூச்சி அவ்வளவு நல்ல சாப்பாடு இல்ல. பிடிச்சிருந்தா சாப்பிடலாம், பருப்பு முட்டையால முடியாத எதையும் அது பண்ணிடப் போறதில்ல.

உங்க ஃப்ரெண்டுக்கு ரெண்டு வார்த்தை, அவருக்கு இதை அனுப்பி வைங்க. தோட்டத்துல பிடிச்சதை ஃப்ரெஷ்ஷுன்னு சொல்லி சேத்துடாதீங்க, அதுங்க எந்த மருந்தடிச்ச செடியை தின்னுதுன்னு யாருக்கும் தெரியாது. லேபிள் இல்லாம கையால கட்டின பொட்டலமும் வேண்டாம், மெக்சிகோவோட வாஹாக்கா பகுதிலேர்ந்து கலிஃபோர்னியாவுக்கு வந்த காஞ்ச வெட்டுக்கிளில ஈயம் இருந்து அதை சாப்பிட்ட குழந்தைங்க ரத்தத்துல ஈயம் ஏறினதை கண்டுபிடிச்சிருக்காங்க. பச்சையா உறைய வச்சதை வாங்கியிருந்தா நேரா வாணலில போட்டு வறுத்தா போதாது, முதல்ல கொதிக்கற தண்ணில அஞ்சு நிமிஷம், அப்பறம் வறுக்கலாம், அப்படியும் சில பாக்டீரியாவோட சூட்டைத் தாங்கற வித்துகள் தப்பிக்கும்ங்கறதால மிச்சத்தை வெளில வைக்காம ஃபிரிட்ஜ்ல வைங்க. பழசான பூச்சில பழைய மீன்ல வர்ற மாதிரியே ஹிஸ்டமின் ஏறும், வறுத்தாலும் போகாது, அலர்ஜியே இல்லாதவங்களுக்கும் முகம் செவந்து அரிச்சு தலைவலி வரும், தாய்லாந்துல வறுத்த பூச்சி சாப்பிட்டு கும்பலா இப்படி ஆகியிருக்கு. வெட்டுக்கிளியா இருந்தா பின்னங்கால் முள்ளை கிள்ளிடுங்க, குடல்ல போய் மாட்டும்.

இவ்வளவு வேண்டாம்னு சொல்லிட்டு உங்களை வெறும் தண்ணியோட உக்கார வைக்கறது நியாயமில்லதான். வித்தியாசமான ருசிதான் வேணும்னா பூச்சி இல்லாமலே உங்க ஃப்ரெண்ட் கூட்டத்தை அசத்தலாம். மேற்கு ஆப்பிரிக்காவுலேர்ந்து வர்ற மிராக்கிள் பழம்னு ஒண்ணு, அதுல இருக்கற மிராக்குலின் நாக்குல இருக்கற இனிப்பு உணர்ற இடத்துல போய் ஒட்டிக்கும், அப்பறம் எலுமிச்சையை கடிச்சா சர்பத் மாதிரி தித்திக்கும், அரை மணி நேரத்துக்கு மேலயே நிக்கும் (இனிக்குதேன்னு எலுமிச்சையா தின்னு தீத்தா வயிறும் பல்லும் பழி வாங்கும், அதுங்களுக்கு அது புளிப்புதான்). ஆர்ட்டிசோக்னு ஒரு காய், அதை சாப்பிட்டுட்டு தண்ணி குடிச்சா சில பேருக்கு தண்ணியே இனிக்கும். சிச்சுவான் மிளகு உதட்டுல வச்சா கரண்ட் பட்ட மாதிரி விறுவிறுன்னு துடிக்கும், அந்த துடிப்பை அளந்தவங்க நொடிக்கு 50 அதிர்வு கிட்டன்னு சொல்றாங்க. எதுல என்னன்னு கண்டுபிடிக்கற கேமை இதையெல்லாம் வச்சு ஆடச் சொல்லுங்க, அப்பவும் யாருக்கு என்ன ஆகாதுன்னு முன்கூட்டியே கேட்டுக்கிட்டு.

சிச்சுவான் மிளகு மட்டும் உங்களுக்கு ஒரு எச்சரிக்கையோட. பூச்சி ஐட்டம் இருக்கற அதே ராத்திரில நீங்க அதை தொடாதீங்க. வாய் விறுவிறுக்கறது மிளகாலயா, தவறிப் போன சுவர்க்கோழி மாவாலயான்னு அப்ப யாராலயும் சொல்ல முடியாது, உங்களுக்கு வர்ற முதல் அறிகுறியே வாய் அரிப்புதான்ங்கறப்ப அந்த அலாரத்தை நீங்களே அமுக்கி வச்ச மாதிரி ஆயிடும். அன்னாசியும் அப்படித்தான், நெறைய பேருக்கு சும்மாவே நாக்கை அரிக்கும்.

அப்பாயின்ட்மென்ட்டை இந்த வாரமே போட்டுடுங்க, பார்ட்டிக்கு ஒரு மாசம்தான் இருக்கு. சளிக்கோ தும்மலுக்கோ அலர்ஜி மாத்திரை ஏதாவது போட்டுட்டு இருந்தா புக் பண்றப்பவே சொல்லிடுங்க, தோல் டெஸ்ட்டுக்கு சில நாள் முன்னாடியே அதை நிறுத்தச் சொல்வாங்க, இல்லைன்னா அலர்ஜி இல்லைன்னு ரிசல்ட் தப்பா வந்து நீங்க தைரியமா பிஸ்கட்டை எடுத்துடுவீங்க.